ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்தவர்

போன மாதம் உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்: "மேடம், இப்பல்லாம் சைட்டுல வம்பு பண்ற ஒரு ஆளை பிளாக் பண்ண நாலு செகண்டு போதும்." எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ராயபுரம் வருகிற வரைக்கும் அந்த நாலு செகண்டுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டு ஆறு மாதமாகிறது. சாஃப்ட்வேரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

உங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் நான் டோல்கேட் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை பார்த்தேன். தொண்ணூற்றெட்டில் சேரும்போது எனக்கு முப்பத்தொரு வயது. அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவரை விட்டுத் தூரமாகப் போக முடியாது. மாப்பிள்ளை பார்த்த அத்தைகள் எல்லாம் ஒவ்வொருவராக ஓய்ந்துபோயிருந்த காலம் அது. கடை முதலாளி அப்பாவுக்குப் பழக்கம். அலமாரியைத் துடைத்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை கடைக்குள் ஈ காக்கா வராது. அந்த ஒரு மணி நேரத்தில் விளையாடி விளையாடியே ஆறு மாதத்தில் கடையில் இருந்த கேம் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

அந்தக் கவுண்டரில் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! ஒருவர் சிடியைத் திருப்பிக் கொண்டுவருவார். "இது ஓடல மேடம்." பார்த்தால் உடம்பெல்லாம் கோடு. விசாரித்தால் மூன்று நாள் ஆட்டோவில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தாராம். இன்னொருவர் பல்பொடி போட்டுத் தேய்த்து, கழுவி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இதுல கணக்குப் பாடம் வருமா?" என்று கேட்கிற அம்மாக்கள் தனி. "பர்மா பஜார்ல இத்த பாதி வெலைக்கு தரான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் ஓசியில் விளையாடிவிட்டுப் போகிறவர்கள் தனி.

இதையெல்லாம் சிரித்துக் கழித்துவிடலாம். கழிக்க முடியாதது ஒன்று இருந்தது. ஒரு நாள் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஒரு கார் ரேஸ் கேம் கேட்டார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி நாலு கேள்வி கேட்டேன். "சார், உங்க கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஓடாது, வேற தரேன்" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். "ஆம்பளைங்க யாராவது கீறாங்களாமா?"

முதலாளியைக் கூப்பிட்டேன். அவருக்குக் கார்டும் தெரியாது, கத்தரிக்காயும் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காதருகே சொன்னேன். அவர் அதையே உரக்கச் சொன்னார்: "சார், உங்க கிராபிக்ஸ் கார்டுக்கு இது ஓடாது."

"பாத்தியாமா, சார் எப்டி கரீட்டா சொல்றாரு!" என்று அந்த மனிதர் எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கடையில் அடிக்கடி நடந்ததால் நாளடைவில் எனக்கும் அது பழகிப்போயிற்று. பழகியது என் குற்றம்தான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றில் முதலாளியின் தங்கை மகன் கடைக்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தான். வாடிக்கையாளர்கள் அதில் பெயர் பதிந்து சந்தேகம் கேட்கலாம், அரட்டை அடிக்கலாம், பழைய கேசட்டை மாற்றிக்கொள்ளலாம். இப்போது நீங்கள் கம்யூனிட்டி என்கிறீர்களே, அதுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர் வேலை என் தலையில் விழுந்தது. என்ன பெயரில் எழுதுவது என்று கேட்டேன். "கடைக்காரன்னு போடுமா. பொம்பள பேரு போட்டா ஒர்த்தனும் கேம் பத்தி பேசமாட்டான், வேற பேசுவான்" என்றார் முதலாளி. சரி என்று போட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து வியாசர்பாடி தொடங்கி எண்ணூர் வரை அத்தனை பேருக்கும் நான் அண்ணன்! "அண்ணே, மூணாவது ஸ்டேஜுல மாட்டிகினேன்" என்று கேட்பார்கள், சொல்லிக் கொடுப்பேன். நேரில் என்னிடம் ஒரு வார்த்தை காது கொடுக்காதவர்கள் இங்கே "அண்ணன் சொன்னா தப்பாது" என்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அங்கேதான் நண்டு வந்தார். அது அவர் வைத்துக்கொண்ட பெயர். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் என்று எழுதியிருந்தார். காலை ஷிப்ட் முடிந்து ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டரை மணிக்கு எழுதுவார். அப்போது கேம் முடிக்கும் வழியெல்லாம் இங்கிலீஷில்தான் கிடைக்கும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது ஏறாது. நண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் நம்ம பாஷையில் எழுதிப்போடுவார். இப்போதும் எனக்கு மனப்பாடம்:

"மொத கதவ தொறக்காத மாமு. அத்த வுட்டுட்டு பின்னாடி வா. ஏணி கீது பாரு, அதுக்கு கீய குந்திக்கோ. அவசரப்படாத. காவக்காரன் அந்தாண்ட திரும்புவான். மூணு எண்ணு. இப்ப போ. பூட்டியா? சோக்கு!"

யாராவது ஒரே கேள்வியைப் பத்தாவது தடவை கேட்டாலும் கோபப்படமாட்டார். நான் சிடுசிடுப்பேன், அவர் தணிப்பார். "வுடுண்ணே, புதுசு. நாமளும் ஒரு நாள் அந்த கதவாண்ட செத்தவங்கதான்" என்பார். மூன்று மாதத்தில் அவரில்லாமல் அந்த இடம் நடக்காது என்ற நிலை வந்துவிட்டது.

பிறகு எனக்குத் தனியாக எழுத ஆரம்பித்தார். முதலில் எல்லாம் கடைப் பேச்சுதான். எந்த ஆள் வம்பு இழுக்கிறான், எந்தப் பேச்சை மூட வேண்டும். அப்படியே மற்றதும் வந்தது. லாரி வரிசை மூன்று நாளாக நகரவில்லை, டிரைவர்கள் ரோட்டிலேயே சமைக்கிறார்கள் என்று எழுதுவார். இன்று வண்டியின் மேலிருந்து கடல் பச்சையாகத் தெரிந்தது என்று எழுதுவார். நான் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுவதைப் பற்றி எழுதுவேன். ஒரு நாள், இன்றைக்கு நெத்திலிக் குழம்பு, நானே வைத்தேன் என்று எழுதினேன்.

"ஏண்ணே, வூட்ல அண்ணி இல்லியா?"

"இல்லை."

"இங்கியும் அதே கததான். ஒண்டிக்கட்ட. நெத்திலிக்கு மாங்கா போட்டியா?"

போட்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு ஸ்கிரீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது பிள்ளைகளே? எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. காலையில் எழுந்தால் மதியம் இரண்டரைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்றுதான் மனசு கேட்கும். முகம் தெரியாது, குரல் தெரியாது, சொந்தப் பெயர்கூடத் தெரியாது. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நான் பெண் என்று சொல்ல எத்தனையோ தடவை டைப் அடித்து அழித்தேன். சொன்னால் அந்த அண்ணன் போய்விடுவான், அவனோடு நண்டும் போய்விடுவார் என்று பயம்.

அடுத்த வருடம் கடை மாடியில் ஒரு கால்பந்து கேம் போட்டி நடத்தினோம். கடைசி ஆட்டம் வியாசர்பாடி அணிக்கும் எர்ணாவூர் அணிக்கும். எர்ணாவூர் ஒரு கோல் முன்னிலை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது! கேம் ஆஃப் ஆனால் எல்லாம் போச்சு, எங்கேயும் பதிந்திருக்காது. என்ன செய்வது என்று எல்லாரும் முதலாளியைப் பார்க்க, அவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். முதலிலிருந்து ஆடட்டும் என்று காதில் சொன்னேன். உரக்கச் சொன்னார். மறு ஆட்டத்தில் வியாசர்பாடி ஜெயித்தது. எர்ணாவூர்க்காரர்கள் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க இணையதளத்தில் புகைந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமை மதியம் அந்தப் புகைக்கு நடுவே நண்டிடமிருந்து எனக்குத் தனியாக ஒன்று வந்தது. அதை எழுத்து மாறாமல் சொல்கிறேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. டோல்கேட்டு கடைல மதியானத்துல ஒரு பொம்பள மட்டும்தான் கீறாங்கன்னு நம்ம ஆளு ஒர்த்தன் சொல்றான். நீங்க எனக்கு எழுதறதும் மதியானத்துலதான். அண்ணனோ அக்காவோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பாக்கணும்போல கீது. ஞாயித்துக்கெயம ரெண்டு மணிக்கு கடைக்கு வரேன். வரவேணாம்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க. தப்பா நெனக்கமாட்டேன், திரும்ப தொந்தரவும் பண்ணமாட்டேன்."

அதுவரை நீ வா போ என்று எழுதியவர் முதல் தடவையாக நீங்க என்று எழுதியிருந்தார். அன்று பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? இரவெல்லாம் யோசித்து, காலையில் சரி, வாங்க என்றே எழுதிவிடலாம் என்று முடிவெடுத்துக் கடைக்கு வந்தேன். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே தொடங்கிவிட்டது. எர்ணாவூர் பக்கத்து ஆள் ஒருவன், வியாசர்பாடி அணித் தலைவனின் அம்மாவைப் பற்றி எழுதினான். என்ன எழுதினான் என்று இங்கே சொல்ல முடியாது. அழித்தேன். திரும்ப எழுதினான். அவன் பெயரைத் தடை செய்தேன். வேறு பெயரில் வந்தான். அதையும் தடை செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆறு பெயர். கடைசியில் வியாசர்பாடித் தலைவன் எழுதினான். எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுகிற ஆள், குத்துச்சண்டை பழகியவன். "அண்ணே, நீ அழிச்சிகினே இரு. அவன் எந்த சென்டர்ல குந்திகினு அடிக்கிறான்னு எங்களுக்கு தெரியும். சாயங்காலம் பத்து பேரு போறோம். அப்பால எங்கள கேக்காத."

ரிச்சி தெருவில் சரக்கு எடுக்கப் போயிருந்த முதலாளி போனில் கத்தினார். "இன்னாமா நடக்குது அங்க? போலீசு கேசு ஆச்சுன்னா கடைய இழுத்து மூட வேண்டிதான்! ஏதாவது செய்மா!"

ஒரு தாயைப் பற்றி அவன் எழுதியதும், ஒருவன் மண்டை உடையப்போகிறது என்ற பயமும் சேர்ந்து எனக்கு வெறி பிடித்தமாதிரி ஆகிவிட்டது. அவன் பெயரை விட்டுவிட்டு, அவன் எந்த இணைப்பிலிருந்து வருகிறானோ அந்த முகவரியையே அடைத்தேன். இனி எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே வர முடியாது. அடைக்கும்போது, வருகிறவனுக்கு என்ன வாசகம் தெரிய வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்கும். நான் அடித்தேன்: "உனக்கு இங்க எடம் கெடையாது. திரும்ப வராத. கடைக்காரன்."

ஒரே அமைதி. கேப்டனுக்கு எழுதினேன்: "முடிஞ்சுது. அவன் இனிமே வரமாட்டான். உன் அம்மா எனக்கும் அம்மாதான். என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து யாரும் எர்ணாவூர் பக்கம் போகாதீங்க." அவன் கேட்டுக்கொண்டான். யாருக்கும் அடி விழவில்லை. முதலாளி மறுநாள் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அந்த அமைதியில், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, நண்டுக்கு எழுதினேன். "அண்ணன் இல்லை. நான்தான் அந்த மதியானத்துப் பொம்பள. வாங்க. அவசியம் வாங்க."

ஞாயிறு காலைப் பூசைக்குக் கட்டிய நல்ல புடவையோடு நேரே கடைக்கு வந்தேன். "இன்னாமா, இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்றார் முதலாளி. ஒன்றுமில்லை என்றேன். இரண்டு மணி. அவருக்கு நாற்பது இருக்கும் என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்த வயதில் யார் படியேறினாலும் எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் வந்து, தயங்கி, கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். எழுந்தே நின்றுவிட்டேன். "பையனுக்கு ஜாய்ஸ்டிக் வேணும்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மூன்றானது. ஆறானது. ஷட்டர் இறக்கும் வரை இருந்தேன்.

வந்திருப்பார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்திருப்பார், பிடிக்காமல் போயிருப்பார். அப்படித்தான் நினைத்தேன். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது கண்ணீர் வந்தது. "இன்னாமா?" என்றார். அடுப்புப் புகை என்றேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். மறுநாள் பார்த்தால், நான் அனுப்பியது திறக்கப்படவே இல்லை என்று காட்டியது. திறந்துகூடப் பார்க்கவில்லையா, அவ்வளவு திமிரா என்று ஆத்திரம் வந்தது. அவர் எழுதுவதும் நின்றுபோயிருந்தது. "நண்டு எங்கண்ணே?" என்று ஆட்கள் கேட்டார்கள். தெரியாது என்று ஒரு சொல்லில் முடித்தேன். நானாகப் போய் விசாரிக்க மானம் தடுத்தது.

மூன்று வாரம் கழித்து எர்ணாவூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பிரவுசிங் சென்டர் நடத்துகிறவர். ஹெட்போன் நாலு எடுத்துக்கொண்டே என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"உங்க சைட்டுக்கு இன்னா ஆச்சுமா? எங்க சென்டர்ல மூணு வாரமா எவன் தொறந்தாலும் 'உனக்கு இங்க எடம் கெடையாது'ன்னு வருது. ஒரே பேஜாரு. நம்ம சென்டர்ல ஒர்த்தன் தப்பு பண்ணா, குந்தற அத்தன பேரையுமா வெரட்டுவாங்க?"

கையிலிருந்த ஹெட்போனைக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஒரே முகவரிதான். பத்து சிஸ்டம் இருந்தாலும், நூறு பேர் வந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான். எனக்கு அது தெரியாததா? இணையதளம் முழுக்கப் பிரவுசிங் சென்டர் ஆட்களை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருக்கிற ஊர் மாதிரி முகவரியை அடைத்திருக்கிறேன். அந்த முகவரி மேல் ஒரு தட்டு தட்டினால், அங்கிருந்து எழுதுகிற அத்தனை பெயரும் வரிசையாக வரும். ஒருத்தன் மண்டை உடையப்போகிற நேரத்தில் வேகமாகச் செய்தது தப்பில்லை. அந்தத் தட்டு தட்டாததுதான் தப்பு. ரெண்டு நிமிடம்கூட ஆகாது. அன்று கடை மூடும் முன்னால் செய்திருக்கலாம், மறுநாள் பிரியாணி சாப்பிட்ட கையோடு செய்திருக்கலாம். அவர் எதிரிலேயே இப்போது தட்டினேன். திட்டியவனின் ஆறு பெயருக்குக் கீழே பதினேழு பெயர். அதில் நண்டு.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்தச் சென்டர்காரரோடு ஷேர் ஆட்டோ பிடித்து எர்ணாவூர் போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும். தடையை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. முதலில் பார்க்க வேண்டும்.

"எண்ணூர் ரோட்டு யார்டுல வண்டி ஓட்டறவர், மதியம் ரெண்டரைக்கு வருவாரே?" என்று கேட்டேன்.

"ஆறாம் நம்பர்ல குந்துவாரே, அவரா? தங்கமான மன்சன்மா. பசங்களுக்கு கேம் சொல்லிக் குடுப்பாரு."

ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்தேன். கடைப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் நடுவாக வந்தது: உனக்கு இங்க எடம் கெடையாது. திரும்ப வராத. கடைக்காரன்.

வரவேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தவருக்கு, மறுநாள் மதியம் நான் சொன்ன வார்த்தை அதுதான்.

"இது மொதல்ல வந்த அன்னிக்கு அவரு வந்தாரா?"

"வந்தாருமா. வெள்ளிக்கெயமதான். நல்லா சட்டகிட்ட போட்டுகினு வந்தாரு. ரொம்ப நேரம் அத்தயே பாத்துகினு இருந்தாரு. இன்னா சார் சிஸ்டம் ஹாங்கான்னு கேட்டேன். இல்லப்பா, இத்த ஒரு பிரிண்ட் எட்து குடுன்னாரு. எட்தேன். மட்ச்சு பாக்கெட்ல வெச்சிகினாரு. இன்னாத்துக்கு சார்னேன். 'திரும்ப போலாம்னு தோணும்ல, அப்ப எட்து பாக்கறதுக்கு'ன்னாரு."

அங்கே, பத்து பேர் முன்னால், நான் அழுதேன். சென்டர்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, சோடா வாங்கிக்கொண்டு வந்தார். அப்புறம் எங்கே அவர் என்றேன். அந்த வெள்ளிக்குப் பிறகு அவர் சிஸ்டத்தில் உட்காரவே இல்லையாம். அந்த யார்டில் கான்ட்ராக்ட் முடிந்து பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், வேறு மாநிலத்துத் துறைமுகத்துக்குப் போகிறேன் என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போனாராம். எந்தத் துறைமுகம்? தெரியாது. பெயர்? "ஆறாம் நம்பர் சார்னுதாமா கூப்டுவோம்."

மறுநாள் யார்டு கேட்டுக்கே போய் நின்றேன். லாரிகளுக்கு நடுவே, தூசியில். வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்றார். என்ன சொல்வேன்? "நண்டுன்னு ஒருத்தர்..."

"நண்டா? அதுக்கு காசிமேடு மீன் மார்க்கெட்டு போகணும்மா" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. பெட்டி தூக்கும் வண்டி ஓட்டினவர், கான்ட்ராக்டில் போனவர் என்று விளக்கினேன். "அப்டி நாப்பது பேரு பூட்டாங்களே" என்றார்.

தடையை எடுத்தேன். எல்லாரும் பார்க்க எழுதினேன்: கடைக்காரன் என்ற பெயரில் இத்தனை நாள் எழுதியது ஒரு பெண். கவுண்டரில் நிற்கிறவள்தான். எர்ணாவூர் சென்டரை அடைத்தது என் தப்பு. அந்த வாசகம் உங்களில் யாருக்கும் எழுதியது இல்லை. நண்டு, அது உங்களுக்கு எழுதியது இல்லவே இல்லை. உங்களுக்கு எழுதியது உள்ளே திறக்காமல் இருக்கிறது.

முதல் பதில் கேப்டனிடமிருந்து வந்தது. "அக்கா, நீ பொம்பளன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். நீ சொல்ற வரைக்கும் நாங்க இன்னாத்துக்கு கேக்கறதுன்னு வுட்டுட்டோம்." அத்தனை நாள் எதற்காக ஒளிந்தேனோ தெரியவில்லை. அந்தப் பயல்கள் நல்ல பயல்கள். யார்டில் வேலை பார்க்கிற சித்தப்பா, லாரி ஓட்டுகிற மாமன் என்று ஆளுக்கு ஒரு பக்கம் விசாரித்தார்கள். ஒன்றும் துலங்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருடம் இதே வேலை பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேரை வெளியேற்றியிருக்கிறேன், வெளியேற்ற வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தப் பக்கம் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு கதவையும் சாத்தியதில்லை. கோபத்தில் ஒரு வாசகமும் எழுதியதில்லை. அது தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். அவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடியது.

இரண்டாயிரத்து ஒன்பதில் கடையை மூடினோம். இணையதளமும் அதோடு போயிற்று. கடைசி நாள் வரைக்கும் மதியம் இரண்டரைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'வாங்க' திறக்கப்படாமல்தான் இருந்தது. அந்த இடத்தில் செல்போன் கடை வைத்த பையனிடம் சாவியைக் கொடுக்கும்போது சொன்னேன்: "தம்பி, என்னைத் தேடி ஒருத்தர் வந்தாலும் வருவார். என் நம்பரைக் குடு."

"பேரு இன்னாக்கா?"

"தெரியாது."

"பாக்க எப்டி இருப்பாரு?"

"அதுவும் தெரியாது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அப்ப எப்டிக்கா கண்டுபுடிக்கிறது?"

"இங்க மதியானத்துல ஒரு பொம்பள இருந்தாங்களேன்னு கேப்பார். கேட்டா, உங்கள வரச்சொன்னாங்கன்னு சொல்லு. அன்னிக்கே சொன்னாங்களாம்னு சொல்லு."